பணிச்சோர்வும் மனச்சோர்வும்: பராமரிப்புப் பணியாளரின் உளநலம்

ஒரு நாட்டின் நலத்திட்டங்கள் ஏட்டில் வகுக்கப்படுகின்றன; ஆனால் அவை நிறைவேறுவது மனிதரின் கைகளால்தான். பிரசவ அறையில் நள்ளிரவில் விழித்திருக்கும் செவிலியர், வீடு தேடிச் சென்று பச்சிளங் குழந்தையை எடைபோடும் ஆஷா பணியாளர், சிறுவருக்கு உணவும் எழுத்தும் ஊட்டும் அங்கன்வாடிப் பணியாளர், அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாக நிற்கும் பட்டமேற்படிப்பு மருத்துவர் ஆகியோர் வழியாகவே அரசின் நலக்கொள்கை மக்களைச் சென்றடைகிறது. பயன் பெற்றோர் எத்தனை பேர் என்பதைத் திட்ட அறிக்கைகள் ஆண்டுதோறும் கணக்கிடுகின்றன. பயன் அளித்தோரின் உள்ளம் எந்நிலையில் உள்ளது என்ற கணக்கு அவற்றில் இடம்பெறுவது அரிது.

பராமரிப்புப் பணியில் நெடுநாள் இருப்போரிடம் தோன்றும் பணிச்சோர்வுக்கும், மனச்சோர்வு என்னும் நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. நோயுற்றவரிடம், "சில நாள் விடுப்பு எடுத்தால் சரியாகிவிடும்" என்று கூறிச் சிகிச்சைக்கு வழியில்லாமல் செய்வது ஒன்று. சீர்கெட்ட பணிமுறையால் களைத்தவரிடம், "உங்களுக்கு மனத்திடம் போதாது" என்று கூறிப் பணிமுறையை அப்படியே விட்டுவிடுவது மற்றொன்று. முதல் தவற்றில் மனிதர் கைவிடப்படுகிறார். இரண்டாம் தவற்றில் பணியிடம் கைவிடப்படுகிறது. இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமாயின் தொடர்பையும் வேறுபாட்டையும் தெளிவாக அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

சொல் பிறந்த வரலாறு

களைப்பு உழைப்புடன் பிறந்தது. ஆயினும் ஒருவகைக் களைப்பு ஓய்வினால் நீங்குவதில்லை என்பதை முறையாகப் பதிவு செய்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கும் போதைப் பழக்கத்திற்கு ஆளானோருக்கும் உதவிய இலவச மருத்துவமனை ஒன்றில் அவர் பணியாற்றி வந்தார். அங்கே மிகுந்த ஆர்வத்துடன் வந்து சேர்ந்த தொண்டர்கள், காலப்போக்கில் ஊக்கம் இழந்து, எளிதில் சினந்து, உதவி நாடி வந்தவரையே வெறுப்புடன் நோக்கும் நிலைக்கு வந்ததை அவர் கண்டார். அந்நிலையைப் பற்றி 1974ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை ஆண்டார். எரிந்து தீர்ந்து போதல் என்பது அச்சொல்லின் பொருள். இக்கட்டுரையில் அதனைப் பணிச்சோர்வு என்று குறிப்பிடுகிறோம்.

இச்சொல் பண்டகசாலையிலோ தொழிற்சாலையிலோ பிறக்கவில்லை. துன்புற்றோருக்குத் துணை நிற்கும் இடத்தில் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. அக்கறை இல்லாதவரை இந்நிலை எளிதில் அணுகுவதில்லை. தம்மையே கொடுத்து உழைப்பவரைத்தான் அது முதலில் பற்றுகிறது.

கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இரு அறிஞர்கள் 1981ஆம் ஆண்டில் இந்நிலையை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். 22 கூற்றுகளைக் கொண்ட அப்பட்டியல் பணிச்சோர்வின் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, உணர்ச்சி வற்றிப் போதல்: பிறருக்குக் கொடுப்பதற்கு உள்ளத்தில் ஏதும் எஞ்சவில்லை என்ற உணர்வு. இரண்டாவது, உள விலகல்: எதிரே இருப்பவரை ஒரு மனிதராகக் கருதாமல் படுக்கை எண்ணாகவோ கோப்பு எண்ணாகவோ கருதத் தொடங்குதல். மூன்றாவது, செயல்நிறைவு குன்றல்: தாம் செய்யும் பணியால் எவருக்கும் பயனில்லை என்ற எண்ணம் வலுத்தல்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு ஏட்டின் 11ஆம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணியிடத்தில் நீடித்த நெருக்கடி சரிவரச் சமாளிக்கப்படாததால் விளையும் நிலையே பணிச்சோர்வு என அது வரையறுக்கிறது. இது பணி சார்ந்த நிகழ்வு, நோய் அன்று. பணியைத் தவிர வாழ்க்கையின் பிற துறைகளுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்றும் அவ்வேடு கூறுகிறது. நிர்வாகத்தினர் இவ்வரையறையை ஊன்றிப் படித்தல் வேண்டும். ஏனெனில், பணிச்சோர்வின் மூலகாரணம் பணியாளரின் உள்ளத்தில் மட்டும் இல்லை. பணியிடத்திலும் உள்ளது என்பதே அதன் உட்பொருள்.

மனச்சோர்வு என்பது நோய்

மனச்சோர்வு இதனின்று வேறுபட்டது. அன்றாடப் பேச்சில் வருத்தம், ஏமாற்றம், சலிப்பு அனைத்தையும் நாம் இச்சொல்லால் குறிக்கிறோம். மருத்துவத்திலோ அதற்கு வரையறுத்த பொருள் உண்டு. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, ஏறத்தாழ நாள்தோறும், நாளின் பெரும்பகுதியில், மனத்தாழ்வோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தல் அதன் அடிப்படை அடையாளம். அதனுடன் உறக்கக் கேடு, பசியில் மாற்றம், கவனம் சிதறுதல், உடல் தளர்ச்சி, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, தகுதியற்றவர் என்ற உணர்வு, காரணமற்ற குற்றவுணர்வு, எதிர்காலத்தில் நம்பிக்கையின்மை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பல சேர்ந்து காணப்படும்.

பணிச்சோர்வு பணியை ஒட்டியது. மனச்சோர்வு வாழ்க்கை முழுவதன் மீதும் படர்கிறது. அதற்குப் பரம்பரை, உடற்கூறு, இளமையில் பட்ட துன்பம், இழப்பு, வறுமை எனப் பல காரணங்கள் உண்டு. பணி நெருக்கடி அவற்றுள் ஒன்றாகும். மனச்சோர்வுக்குப் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன என்பதும் மறக்கலாகாதது. உளவியல் ஆலோசனை முறைகளும் மருந்துகளும் பெரும்பாலோருக்கு நல்ல பயன் அளிக்கின்றன.

ஆயினும் நம் நாட்டில் இச்சிகிச்சை பலரைச் சென்றடையவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் கோளாறுகளில் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்ததை வெளிப்படுத்தியது. சிகிச்சை அளிக்கும் துறையில் இருப்பவர் தாமே சிகிச்சையை நாடுவார் என எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. உடன் பணியாற்றுவோரே மருத்துவராக இருக்கையில், செய்தி பரவிவிடுமோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது.

இரண்டும் ஒன்றா?

அறிஞர்களிடையே இவ்வினா இன்றும் விவாதத்திற்கு உரியதாகவே உள்ளது. பணிச்சோர்வு என்பது பணியிடத்தில் தோன்றும் மனச்சோர்வேயன்றி வேறன்று என ஒரு சாரார் வாதிடுகின்றனர். ரென்சோ பியாங்கி, இர்வின் ஷான்ஃபெல்டு, எரிக் லாரன்ட் ஆகியோர் 2015இல் வெளியிட்ட மீளாய்வு, இரண்டிற்குமுள்ள ஒற்றுமைகளை விரிவாக எடுத்துக்காட்டியது. வற்றிய உணர்வு, ஊக்கமின்மை, தன்மதிப்புக் குறைவு ஆகியன இரண்டிலும் காணப்படுகின்றன என்பது அவர்களது வாதம்.

மற்றொரு சாரார் இதனை ஏற்பதில்லை. 2019இல் கிரேக்க அறிஞர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு 67 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கிணைத்து ஆராய்ந்தது. பணிச்சோர்வுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.52 என அதில் கண்டறியப்பட்டது. புள்ளியியல் பயிலும் மாணவர் இவ்வெண்ணின் பொருளை எளிதில் உணர்வர். இரண்டும் தொடர்பற்றவை எனில் கெழு சுழியை ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றே எனில் 1ஐ நெருங்கியிருக்கும். 0.52 என்பது இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே அவை நெருங்கிய உறவுடையன, எனினும் ஒன்றல்ல என்ற முடிவுக்கு அவ்வறிஞர்கள் வந்தனர்.

எது முன், எது பின் என்பது அடுத்த வினா. ஒரே வேளையில் எடுக்கும் கணக்கெடுப்பு இதற்கு விடை தராது. அதே மனிதரைப் பல ஆண்டுகள் பின்தொடர்தல் வேண்டும். பின்லாந்து நாட்டில் 2,555 பல் மருத்துவரை மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு, இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பணி நெருக்கடி பணிச்சோர்வுக்கு வழிவகுத்தது. பணிச்சோர்வின் வழியாக மனச்சோர்வின் அறிகுறிகள் தோன்றின. அதே வேளையில், முன்பே மனச்சோர்வு உடையவர் பின்னர்ப் பணிச்சோர்வுக்கும் எளிதில் ஆளாயினர். எனவே இத்தொடர்பு இருவழிப் பாதை போன்றது. எந்த முனையில் தொடங்கினாலும் மறுமுனைக்குச் செல்ல வழி உண்டு.

தொடர்பு உருவாகும் விதம்

களைப்பு நோயாக மாறும் விதத்தை மூன்று படிகளில் விளக்கலாம்.

முதலாவது உறக்கம். நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் காலை, மாலைப் பணிநேரங்கள் ஆறு மணி நேரமாகவும், இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரமாகவும் உள்ளன. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியருக்குப் பகலில் உறக்கம் முழுமையாகக் கிட்டுவதில்லை. சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. நீடித்த உறக்கக் குறைவு மனச்சோர்வின் அறிகுறி மட்டுமன்று. அதன் காரணங்களுள் ஒன்றாகவும் அமைகிறது.

இரண்டாவது கட்டுப்பாடின்மை. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட கோட்பாடு இதனைத் தெளிவுபடுத்துகிறது. வேலைச் சுமை மிகுதியாக இருப்பது மட்டும் ஒருவரை நலிவிப்பதில்லை. சுமை மிகுந்தும், அதனை எவ்வாறு சுமப்பது என்று முடிவு செய்யும் உரிமை குறைந்தும் உள்ள பணியே உடலையும் உள்ளத்தையும் மிகுதியாகக் கெடுக்கிறது. அடுத்த வாரம் எந்த நாளில் ஓய்வு என்பதைக் கூட அறியாதவர், தம் முயற்சிக்கும் விளைவுக்கும் தொடர்பில்லை என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறார். அந்நம்பிக்கையின்மை பணியைக் கடந்து வாழ்க்கைக்குள் புகும்போது மனச்சோர்வின் வாயில் திறக்கிறது.

மூன்றாவது குற்றவுணர்வு. பணிச்சோர்வினால் உள்ளம் விலகிய செவிலியர் ஒரு நோயாளியிடம் கடுமையாகப் பேசிவிடுகிறார். பிறகு, "நான் இத்தகையவள் அல்லவே" என்று தம்மையே நொந்துகொள்கிறார். பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை நால்வர் செய்ததால் நேர்ந்த குறை, தம் குணத்தின் குறையாக அவருக்குத் தோன்றுகிறது. தன்மதிப்பு சரிகிறது. பிறரிடமிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரை எவரும் விசாரிப்பதில்லை. இவ்விடத்தில்தான் பணிச்சோர்வு பெரும்பாலும் எல்லையைக் கடக்கிறது.

பராமரிப்புப் பணியின் தனித்தன்மை

இப்படிகள் பிற தொழில்களிலும் இருக்கக்கூடும். ஆனால் பராமரிப்புப் பணியில் ஒரு கூடுதல் சுமை உண்டு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷில்டு 1983இல் வெளியிட்ட நூலில் அதனை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். தம் உள்ளத்தில் எழும் அச்சம், அருவருப்பு, துயரம் ஆகியவற்றை அடக்கி, எதிரே இருப்பவருக்குத் தேவையான அமைதியை முகத்தில் காட்டுதலும் ஓர் உழைப்பே. மூட்டை தூக்குவோரின் உழைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். உணர்ச்சியைத் தூக்கிச் சுமப்போரின் உழைப்பு சம்பளப் பட்டியலிலும் தெரிவதில்லை, பணிக்குறிப்பிலும் தெரிவதில்லை.

இச்சுமையிலிருந்து தப்ப நிறுவனங்களே சில வழிகளை வகுத்துக்கொள்கின்றன. இலண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனையின் செவிலியரை ஆராய்ந்த இசபெல் மென்சிஸ் என்னும் உளப்பகுப்பாய்வு அறிஞர் 1960இல் இதனை விளக்கினார். ஒரு நோயாளியை ஒரே செவிலியர் முழுமையாகக் கவனிக்காதவாறு வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளிகள் பெயரால் அன்றி நோயாலும் படுக்கையாலும் குறிக்கப்பட்டனர். நெருக்கம் ஏற்படாவிடில் துயரமும் ஏற்படாது என்பது இவ்வேற்பாட்டின் உள்நோக்கம். விளைவு எதிர்மாறாக இருந்தது. துயரம் குறையவில்லை, ஆனால் ஒரு மனிதர் நலமடைவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை காணும் மனநிறைவு மறைந்தது. திறமை மிக்க மாணவியர் பலர் பயிற்சியைக் கைவிட்டனர். பணிச்சோர்வு என்ற சொல் தோன்றுவதற்கு முன்பே, அதன் மூன்று கூறுகளையும் இவ்வாய்வில் நாம் காண்கிறோம்.

நம் நாட்டு நிலை

இக்கருத்துகளை நம் நாட்டுப் பணியிடங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

செவிலியர் எண்ணிக்கைக்கு நெறிமுறைகள் நெடுங்காலமாகவே உள்ளன. கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நடைமுறையில் ஒரே செவிலியர் இதனினும் பன்மடங்கு நோயாளிகளைக் கவனிக்கும் வார்டுகள் பல உள்ளன என்பதை மருத்துவமனைக்குச் சென்றவர் அனைவரும் அறிவர்.

பட்டமேற்படிப்பு மருத்துவரின் நிலையும் இத்தகையதே. மத்திய அரசு 1992இல் வெளியிட்ட உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்ச்சியான பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கு மிகாதிருத்தல் வேண்டும் என்றும், வாரத்திற்கு ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் குறிப்பிட்டது. முப்பது ஆண்டுகள் கடந்த பின், தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவரின் உளநலம் பற்றிய தன் 2024 அறிக்கையில், வாரத்திற்கு 74 மணி நேரத்திற்கு மேல் பணி கூடாது என்று பரிந்துரைக்க நேர்ந்தது. பழைய விதி எவ்வளவு தூரம் ஏட்டளவில் நின்றுவிட்டது என்பதை இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் விளங்கும்.

ஆஷா பணியாளர் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழி வந்தவர். ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட மக்கள்தொகைக்கு ஒருவர் என்ற கணக்கில் நாடெங்கும் அமர்த்தப்பட்ட பெண்கள் இவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் இவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைவர் விருதளித்துச் சிறப்பித்தது. ஆனால் இவர்கள் ஊதியம் பெறும் பணியாளராக அன்றித் தன்னார்வலராகவே கருதப்படுகின்றனர். வருவாயின் பெரும்பகுதி செய்த செயலுக்கேற்ற ஊக்கத்தொகையாக அமைகிறது.

இதன் உளவியல் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் திட்டத்திற்கு 2011இல் வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42ஆம் நாள் வரை ஆறு முறை சென்று பார்க்கும் ஆஷா பணியாளருக்கு 250 ரூபாய் வழங்க அந்நெறிகள் வகை செய்தன. 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமுடன் இருத்தல் அத்தொகைக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று. பொறுப்புணர்வை வளர்க்கும் நல்ல நோக்கத்துடனேயே அது சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆயினும் அவள் தவறாது சென்று வந்த வீட்டில், அவள் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் குழந்தை இறந்துபோனால் நிகழ்வது என்ன? தாயின் அழுகையை முதலில் தாங்குபவளும் அவளே. நடந்த நடைக்குக் கூலி இழப்பவளும் அவளே. முயற்சிக்கும் கைம்மாறுக்கும் இடையில் தோன்றும் இத்தகைய பொருத்தமின்மை பணிச்சோர்வையும் மனச்சோர்வையும் தூண்டவல்லது என்பதை அறிஞர் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் வெளியிட்ட கோட்பாட்டை ஒட்டிய பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அங்கன்வாடிப் பணியாளரும் 1975 அக்டோபர் 2 முதல் நடைபெற்றுவரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மதிப்பூதிய அடிப்படையிலேயே பணியாற்றி வருகின்றனர். அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர் என உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒருவருடைய உழைப்பை உழைப்பு என்று சட்டம் ஏற்பது வருமானத்திற்கு மட்டுமன்றி அவரது தன்மதிப்புக்கும் உரிய செய்தியாகும்.

வேறுபடுத்தி அறிதல்

விளக்கத்திற்காக இரு செவிலியரை மனத்தில் கொள்வோம். இருவரும் ஒரே மாவட்ட மருத்துவமனையில், ஒரே பிரிவில், ஐந்தாண்டுகளாகப் பணியாற்றுபவர். இருவரும் அண்மைக் காலமாகத் தாமதமாக வருகின்றனர். பதிவேட்டில் பிழைகள் செய்கின்றனர். நோயாளியின் உறவினரிடம் எரிந்து விழுகின்றனர். மேற்பார்வையாளரின் ஏட்டில் இருவர் மீதும் ஒரே குறிப்பு உள்ளது.

முதலாமவர் வார ஓய்வன்று தங்கை வீட்டிற்குச் சென்று சிரித்துப் பேசுகிறார். பத்து நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றால் முகம் தெளிகிறது. திரும்பும் நாள் நெருங்க நெருங்க வயிற்றில் கனம் ஏறுகிறது. "இந்த வார்டே எனக்கு வேண்டாம்" என்கிறார். இரண்டாமவர் விடுப்பிலும் படுக்கையை விட்டு எழுவதில்லை. முன்பு விரும்பிக் கேட்ட பாட்டும் விரும்பி உண்ட உணவும் அவருக்குச் சுவைப்பதில்லை. விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. அவர் வார்டைக் குறை கூறுவதில்லை. "என்னால் எவருக்கும் பயனில்லை, நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது" என்கிறார்.

முதலாமவரிடம் காண்பது பணிச்சோர்வு. இரண்டாமவரிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் உள்ளன. காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஆனால் இருவரையும் இரு வேறு பெட்டிகளில் இட்டு மூடிவிடுதலும் தவறு. முதலாமவரின் பணிநிலை மாறாவிடில், ஓராண்டில் அவரும் இரண்டாமவரின் நிலையை அடையக்கூடும். இரண்டாமவர் சிகிச்சையால் நலமடைந்து அதே பணிநிலைக்குத் திரும்பினால், நோய் மீளக்கூடும்.

மனச்சோர்வைத் தொடக்கத்தில் அறிய, 2001இல் வெளியான ஒன்பது வினாக்கள் கொண்ட எளிய வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த இரு வாரங்களைப் பற்றிய அவ்வினாக்களுக்குரிய மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேற்பட்டால் விரிவான மருத்துவ ஆய்வு தேவை. சாவைப் பற்றிய கடைசி வினாவுக்கு 'ஆம்' என்ற பொருள்படும் எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைக் கருதாமல் உடனே உதவி அளித்தல் வேண்டும். இப்பட்டியல் ஒரு சல்லடையே. நோயை உறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பு. பணியாளரின் தகுதியை மதிப்பிடவோ பதவி உயர்வை முடிவு செய்யவோ இதனைப் பயன்படுத்துதல் கூடாது.

நிர்வாகத்தின் கடமைகள்

நெருக்கடியைச் சமாளிக்கும் பயிற்சி, யோகாசனம், தியானம் ஆகியவற்றை ஏற்பாடு செய்தவுடன் தம் கடமை முடிந்துவிட்டதாகப் பல அலுவலகங்கள் எண்ணுகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆயினும் மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, தனிமனிதரை மட்டும் நோக்கிய முயற்சிகளைவிட, பணிநேரம், பணிச்சுமை முதலிய நிறுவன ஏற்பாடுகளை மாற்றிய முயற்சிகளே மிகுந்த பயன் தந்தன என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட உளநல வழிகாட்டு நெறிகளும் நிறுவன அளவிலான மாற்றங்களையும் மேலாளருக்கான பயிற்சியையும் வலியுறுத்துகின்றன.

இவற்றின் அடிப்படையில், பெருஞ்செலவின்றி மாவட்ட அளவிலேயே தொடங்கத்தக்க சில நடவடிக்கைகளைக் குறிப்பிடலாம்.

பணிமுறை அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே வெளியிடுதலும், தொடர் இரவுப் பணிகளுக்கு உச்சவரம்பு விதித்தலும், அட்டவணை வகுப்பதில் பணியாளருக்கும் பங்களித்தலும் முதல் நடவடிக்கையாகும். இதனால் புதிய பணியிடம் ஒன்றும் உருவாகாவிடினும், கட்டுப்பாடின்மை என்னும் நஞ்சு குறையும். நிரப்பப்படாத பணியிடங்களை நிரப்புதல் இதனினும் பெரிய கடமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, பதிவேடுகளைக் குறைத்தல். ஒரே செய்தியை மூன்று ஏடுகளிலும் ஒரு கைப்பேசிச் செயலியிலும் எழுதும் நேரம், நோயாளியிடமிருந்து பறிக்கப்பட்ட நேரம். மனநிறைவு தரும் பகுதியைக் குறைத்துச் சலிப்பூட்டும் பகுதியைக் கூட்டும் எந்த ஏற்பாடும் பணிச்சோர்வை வளர்க்கும்.

மூன்றாவது, துயரைப் பேசுவதற்கு இடம் தருதல். மைக்கேல் பாலின்ட் என்னும் மருத்துவர் 1950களில் இலண்டனில் பொது மருத்துவரைச் சிறு குழுவாகக் கூட்டி, நோயாளிகளுடன் தமக்கு நேர்ந்த மனப் போராட்டங்களைப் பேச வைத்தார். மாதத்திற்கு ஒருமுறை, ஒருமணி நேரம், மேலதிகாரியின் குற்ற விசாரணையாக அல்லாமல் இத்தகைய கூட்டம் நடத்த ஓர் அறையும் பொறுமையான ஒருவரும் போதும். பிரசவத்தில் தாய் இறந்தபின் நடைபெறும் மரண ஆய்வு, எங்கே பிழை என்று தேடுகிறது. அது தேவையே. அன்றிரவு பணியில் இருந்தவர் மறுநாள் எப்படி இருக்கிறார் என்று கேட்பதும் தேவை.

நான்காவது, மறைவடக்கத்துடன் சிகிச்சைக்கு வழி செய்தல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும், அதன் மறைவடக்கத்தையும் உறுதி செய்துள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உடன் பணியாற்றும் மருத்துவரை நாடத் தயங்கும் செவிலியருக்கு இவ்வெண் ஏற்ற வாயில். ஒவ்வொரு பணியாளர் ஓய்வறையிலும் இதனை எழுதி வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, மேற்பார்வையாளருக்குப் பயிற்சி. தாமதத்திற்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை அனுப்புமுன், நேரில் அழைத்து நலம் விசாரிக்கும் பழக்கம் ஏற்பட வேண்டும். "ஏன் தாமதம்?" என்ற கேள்விக்கு முன்னர் "உறக்கம் எப்படி?" என்ற கேள்வி வந்தால், பல துயரங்கள் தொடக்கத்திலேயே வெளிப்படும்.

முடிவுரை

பராமரிப்புப் பணியைத் தொண்டு என்று போற்றுவது நம் மரபு. அப்போற்றுதலில் ஓர் ஆபத்தும் உண்டு. தொண்டு செய்பவருக்குக் களைப்பு வரலாகாது, கூலி கேட்கலாகாது, அழலாகாது என்ற எதிர்பார்ப்பை அது அறியாமலே வளர்த்துவிடுகிறது. அவ்வெதிர்பார்ப்பே பலரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது.

பணிச்சோர்வு ஒரு பணியிடத்தின் நிலையை அறிவிக்கும் அளவுகோல். மனச்சோர்வு ஒரு மனிதருக்கு வந்துள்ள நோய். முன்னதற்கு மருந்து பணிமுறைச் சீர்திருத்தம். பின்னதற்கு மருந்து சிகிச்சை. ஒன்றைச் செய்து மற்றொன்றைத் தவிர்க்க முடியாது. ஒரே பிரிவில் ஓராண்டில் மூவர் நீண்ட மருத்துவ விடுப்பில் சென்றால், அம்மூவருக்கும் சிகிச்சை கிடைக்கிறதா என்று விசாரிப்பதுடன், அப்பிரிவின் பணிமுறை அட்டவணையையும் எடுத்துப் பார்ப்பதே பொறுப்புள்ள நிர்வாகத்தின் முறையாகும்.